குதிரையின் நொண்டலும் அப்பாவின் கெண்டைக்காலும்

1831-இல் பாரிஸில் ஒரு வண்டிக் குதிரை. லாயத்தில் நிற்கும்போது அதனிடம் ஒரு குறையும் தெரியாது. வண்டியில் பூட்டிக் கொஞ்ச தூரம் ஓட்டினால் பின்னங்கால் நொண்ட ஆரம்பிக்கும். நிறுத்தி நிற்க வைத்தால் சில நிமிடங்களில் சரியாகிவிடும். மறுபடி ஓட்டினால் மறுபடி நொண்டும். எலும்பில் கோளாறு இல்லை, குளம்பில் முள் இல்லை. கடைசியில் குதிரையை அறுத்துப் பார்த்த பூலே என்ற கால்நடை மருத்துவர், பின்னங்கால்களுக்குப் போகும் தொடைத் தமனிகள் அடைபட்டுக் கிடப்பதைக் கண்டார். அதை ஒரு குறிப்பாக எழுதி, 'விட்டு விட்டு வரும் நொண்டல்' என்று பெயர் வைத்தார்.

போன வருஷம் இந்தக் குதிரையைப் பற்றி முதன்முதலாகப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏனென்றால் எங்கள் அப்பா எட்டு வாரம் சொல்லிக்கொண்டிருந்ததும் இதே வாக்கியங்களைத்தான்.

அப்பா அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். 31 வருஷம் ஸ்டியரிங். பாதி நாள் இரவு டியூட்டி, டியூட்டி முழுக்க சிகரெட். ஓய்வுக்கு அப்புறம் திருச்சியில் காலை நடை. அந்த நடையில்தான் ஆரம்பித்தது. தெருமுனை டீக்கடை தாண்டினால் வலது கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். நின்றால் விட்டுவிடும். "கரண்ட் கட் ஆன மாதிரி இருக்குடா, அப்புறம் தானா வந்துடுது" என்று போனில் சொன்னார். நான் சென்னையில் உட்கார்ந்துகொண்டு, "வயசாச்சுப்பா, இடுப்பு நரம்பா இருக்கும், பிசியோதெரபி போங்க" என்றேன். பி.இ. படித்தவன் சொன்ன வைத்தியம்.

அவர் போன இடத்தில் இடுப்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். 69 வயதுக்காரர் இடுப்பை எக்ஸ்ரே எடுத்தால் தேய்மானம் இல்லாமல் இருக்குமா? இருந்தது. அதோடு தேடல் முடிந்தது. எட்டு வாரம் இடுப்புக்கு டிராக்‌ஷன், கெண்டைக்காலுக்குச் சூட்டு ஒத்தடம். பக்கத்து வீட்டுக்காரர் வேறு, வெரிகோஸுக்குப் போடும் இறுக்கமான காலுறை ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார். வலி குறையவில்லை.

எட்டாவது வாரம் அங்கே புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட் அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். "ஐயா, வலி வந்தா உங்களுக்கு உக்காரணுமா, இல்ல சும்மா நின்னாலே போயிடுமா?"

"நின்னா போதும்மா. அஞ்சு நிமிஷம் நின்னா பழைய ஆளு ஆயிடுவேன்."

அந்தப் பெண் குனிந்து அப்பாவின் பாதத்தின் மேல்புறம் இரண்டு விரலை வைத்து ரொம்ப நேரம் பார்த்திருக்கிறார். அப்புறம் கணுக்காலின் உள்பக்கம். அப்புறம் அடுத்த காலில். வலது காலில் நாடி கிடைக்கவில்லை. டிராக்‌ஷன் பெல்ட்டை மாட்டாமல், "இன்னைக்கு வேண்டாம் ஐயா, முதல்ல ரத்தக்குழாய் டாக்டரைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த வாரம் நான் லீவு போட்டு ஊருக்குப் போனேன். கணுக்கால் ரத்த அழுத்தம் 92, கை ரத்த அழுத்தம் 148. ஒன்றை ஒன்றால் வகுத்தால் 0.62. ஒன்றை ஒட்டி இருக்க வேண்டிய எண் அது. 0.9-க்குக் கீழே போனாலே கால் தமனியில் அடைப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். அங்கே வேறொன்றும் இருந்தது. பெருந்தமனி தொப்புளுக்கு மேலே 3.7 செ.மீ. அகலத்துக்குப் புடைத்திருந்தது. அனியூரிசம்.

இடுப்பு டிராக்‌ஷனைச் செய்யவே கூடாத நிலைகள் என்று பிசியோதெரபி பாடப்புத்தகங்கள் கொடுக்கும் பட்டியலில் வயிற்றுப் பெருந்தமனி அனியூரிசம் இருக்கிறது. ரத்தம் சரியாகப் போகாத காலுக்குச் சூட்டு ஒத்தடமும் கூடாது, இறுக்கக் காலுறையும் கூடாது. மூன்றையும் எட்டு வாரம் செய்திருக்கிறோம். அன்று ராத்திரி தூக்கம் வராமல் படிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை.

குதிரைக்குத் திரும்புவோம். பூலேயின் குறிப்பை மனித மருத்துவர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1846-இல் லண்டனில் பெஞ்சமின் பிரோடி என்ற அறுவை மருத்துவர், கொஞ்ச தூரம் நடந்தால் நின்றுவிடும் மனிதர்களை விவரித்துத் தமனி கெட்டியாவதுதான் காரணம் என்று எழுதினார். ஆனால் இரண்டையும் முடிச்சுப் போட்டவர் 1858-இல் பாரிஸில் இருந்த ஷார்கோ. பிற்காலத்தில் நரம்பியலின் தந்தை என்று பெயர் வாங்கிய அதே ஷார்கோதான், அப்போது முப்பதைச் சற்றே தாண்டிய வயது.

அவரிடம் வந்த நோயாளி ஒரு பழைய படைவீரர். பல வருஷம் முன்பு வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பட்டுப் பிழைத்தவர். கொஞ்ச நேரம் நடந்தால் வலது கால் மரத்துப் பிடித்துக்கொள்ளும், சற்று ஓய்வெடுத்தால் போய்விடும். ஒரு நாள் அவர் குடலுக்குள் ரத்தம் கொட்டி இறந்துபோனார். உடலைத் திறந்து பார்த்தபோது கதை முழுவதும் உள்ளே இருந்தது. அந்தப் பழைய குண்டுக்காயத்தால் வலது காலுக்குப் போகும் இடுப்புத் தமனியில் ஒரு அனியூரிசம் உண்டாகியிருக்கிறது. அதனால் அந்தத் தமனி அடைபட்டு, கால் பக்கவாட்டுச் சிறு குழாய்களை நம்பியே உயிரோடு இருந்திருக்கிறது. கடைசியில் அந்தப் புடைப்பு குடலுக்குள் உடைந்துவிட்டது. ஷார்கோவுக்குக் கால்நடை மருத்துவர்கள் எழுதிய குதிரைகள் ஞாபகத்துக்கு வந்தன. பூலே வைத்த பெயரையே எடுத்து மனிதருக்கும் சூட்டினார்.

இன்றைக்கும் மருத்துவத்தில் அதே பெயர்தான், கிளாடிகேஷன். நொண்டி என்று பொருள்படும் 'கிளாடஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ரோமாபுரிப் பேரரசர் கிளாடியஸ் நொண்டி நடந்ததால் இந்தப் பெயர் வந்தது என்று சில இடங்களில் எழுதியிருக்கிறார்கள், நம்ப வேண்டாம். அவர் கால் விளங்காதவர்தான், ஆனால் கிளாடியஸ் என்பது அவர் பிறப்பதற்குப் பல நூறு வருஷம் முன்பிருந்தே இருந்த குலப்பெயர்.

ஷார்கோவின் நோயாளியை நான் திரும்பத் திரும்பப் படித்ததற்குக் காரணம் அந்த ஒரே உடம்பில் இரண்டும் இருந்ததுதான். ஒரு இடத்தில் குழாய் அடைபடுகிறது, இன்னொரு இடத்தில் புடைக்கிறது. அப்பாவுக்கும் அப்படியே, குண்டு மட்டும் இல்லை, சிகரெட். அடைப்பும் புடைப்பும் எதிரெதிர் நோய்கள் மாதிரி தோன்றினாலும் வயது, புகை, ரத்த அழுத்தம் என்று இரண்டுக்கும் பல வேர்கள் பொது. இதில் எனக்கு விளங்காத புதிர் ஒன்று உண்டு. சர்க்கரை நோய் கால் தமனி அடைப்பைப் பல மடங்கு கூட்டுகிறது, ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்கு வயிற்று அனியூரிசம் குறைவாகவே வருகிறது. ஆய்வு மேல் ஆய்வாக இதையே சொல்கிறார்கள்.

அனியூரிசம் என்றால் என்ன என்று அம்மா கேட்டபோது சைக்கிளை வைத்துத்தான் சொன்னேன். டயரில் ஒரு இடம் நைந்து போனால் அந்த வழியாக டியூப் முட்டை மாதிரி வெளியே தள்ளும் இல்லையா, அதுதான். புடைப்பு பெரிதாகப் பெரிதாக, உள்ளே அழுத்தம் அதேதான் என்றாலும், சுவரில் இழுவிசை கூடிக்கொண்டே போகும். ஆரம் கூடினால் இழுவிசை கூடும், முதல் வருஷ இஞ்சினியரிங் கணக்கு. அதனால்தான் பெரிய புடைப்பு சின்னதைவிட வேகமாக வளர்கிறது, சீக்கிரம் உடைகிறது. ஆண்களுக்கு 5.5 செ.மீ. தொடும்வரை ஸ்கேன் செய்து கண்காணித்தாலே போதும், அதற்கு முன்பு அறுவை செய்வதால் ஆயுள் கூடுவதில்லை என்பது 1998-இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றின் முடிவு. அப்பாவின் 3.7 அதற்கு வெகு கீழே. அந்த எண்ணைக் கேட்ட பிறகுதான் அம்மா சாப்பிட்டார்.

வயிற்றுப் புடைப்பு முதுகுவலியாக வேஷம் போடும் என்பது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1555-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெல்சர் என்ற பெரிய வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவருக்கு முதுகில் வலி. குதிரையிலிருந்து விழுந்தவர். இன்றைக்கு என்றால் நேராக ஒத்தடத்துக்குத்தான் அனுப்பியிருப்போம். அவரைப் பார்த்த வெசாலியஸ், முதுகெலும்பு ஓரம் துடிக்கும் வீக்கம் ஒன்றைத் தொட்டு, இது பெருந்தமனியின் அனியூரிசம் என்றார். உயிரோடு இருக்கும் ஒருவருக்கு அப்படிச் சொன்னவர்களில் அவரே முதல் ஆள் என்கிறார்கள். இரண்டு வருஷம் கழித்து அவர் இறந்தபோது உள்ளூர் மருத்துவர்கள் அறுத்துப் பார்த்தார்கள். வெசாலியஸ் சொன்னது சரி. எக்ஸ்ரே இல்லை, ஸ்கேன் இல்லை. விரல் மட்டும்தான்.

அப்பாவுக்கு ரொம்பப் பிடித்தது ஜான் ஹன்ட்டரின் கதை. காரணம், அதில் வருபவர் ஒரு டிரைவர். 1785 டிசம்பர், லண்டன் செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரி. 45 வயதுக் கோச்சு வண்டிக்காரர், முழங்காலுக்குப் பின்னால் குழியில் மூன்று வருஷமாக வளர்ந்த துடிக்கும் வீக்கம். அந்தக் காலத்துக் கோச்சு வண்டிக்காரர்களுக்கு இது அடிக்கடி வந்திருக்கிறது. முழங்கால் வரை ஏறும் பூட்ஸின் விளிம்பு உரசுவதால் வருகிறது என்று நினைத்தார்கள். வைத்தியம் இரண்டுதான். ஒன்று, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அன்டில்லஸ் என்ற கிரேக்கர் சொன்னபடி, புடைப்புக்கு மேலும் கீழும் தமனியைக் கட்டிவிட்டுப் பையைத் திறந்து சுத்தம் செய்வது. இரண்டு, காலையே எடுத்துவிடுவது. ஹன்ட்டரின் ஆசிரியர்களில் ஒருவரான பெர்சிவல் பாட் இரண்டாவது கட்சி.

ஹன்ட்டர் யோசித்தது வேறு. புடைப்பை ஒட்டியிருக்கும் தமனி ஏற்கெனவே நைந்தது, அங்கே நூல் கட்டினால் அறுத்துக்கொண்டுதான் போகும். மேலே, தொடையில், நல்ல குழாயாக இருக்கும் இடத்தில் கட்டினால்? புடைப்புக்கு வரும் வேகம் குறையும், அது சுருங்கும். அப்படியானால் காலுக்கு ரத்தம் எப்படிப் போகும்? பக்கத்துச் சந்துகள் வழியாக. மெயின் ரோட்டை மூடினால் வண்டிகள் தெருக்களில் புகுந்து போகிற மாதிரி. ரிச்மண்ட் பார்க்கில் ஒரு கலைமானின் கழுத்துத் தமனியைக் கட்டி, சில்லிட்டுப்போன கொம்பு சில நாளில் மறுபடி சூடானதைப் பார்த்துத்தான் ஹன்ட்டருக்கு இது தோன்றியது என்று ஒரு கதை உண்டு. நடந்ததா என்று வரலாற்றாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். மான் இருந்ததோ இல்லையோ, வண்டிக்காரர் இருந்தார். மயக்க மருந்து வருவதற்கு அறுபது வருஷம் முன்பு, தொடையைத் திறந்து நான்கு இடத்தில் நூல் கட்டினார்கள். ஆறு வாரத்தில் வீட்டுக்குப் போனார், மறுபடி வண்டி ஓட்டினார். 1787-இல் வேறு ஏதோ காய்ச்சலில் இறந்தபோது ஹன்ட்டர் அந்தக் காலை விடவில்லை, வாங்கி அறுத்துப் பார்த்தார். புடைப்பு சுருங்கிக் கெட்டியாகியிருந்தது.

"ஆறு வாரத்துல டியூட்டிக்குப் போயிட்டானா!" என்றார் அப்பா. அவருக்கு அதுதான் முக்கியம்.

இந்தச் சந்து வழி விஷயத்தில்தான் நானும் ஏமாந்தேன். சொல்கிறேன்.

இப்படிப்பட்ட காலை என்ன செய்வது என்பதில் மருத்துவம் ரொம்ப நாள் தடுமாறியிருக்கிறது. ஜெர்மனியில் வில்ஹெல்ம் எர்ப் 1898-இலேயே உடற்பயிற்சி நல்லது என்று எழுதிவிட்டார். புகையிலைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று அழுத்திச் சொன்னவரும் அவர்தான். 1908-இல் நியூயார்க்கில் லியோ பூர்கர், புகைக்கும் இளைஞர்களின் கால் குழாய்கள் அழற்சியால் அடைபடுவதைத் தனி நோயாக விவரித்தார். நம் ஊர் அறுவைச் சிகிச்சை வார்டுகளுக்கு மிகவும் பழக்கமான பெயர் பூர்கர். பீடியோடு பிறந்த நோய் என்றே சொல்லலாம். பீடியை அடியோடு விட்டவர் கால் பெரும்பாலும் தப்பிக்கிறது, விடாதவர் விரல் விரலாக இழக்கிறார். காலைத் தூக்கி, தொங்கவிட்டு, கிடத்தி என்று பூர்கர் பெயரில் ஒரு பயிற்சி இன்றும் பிசியோதெரபி வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள்.

ஆனாலும் நடந்தால் வலிக்கிறவரிடம் "நடக்காதீர்கள்" என்று சொல்வதுதான் இயல்பாக வருகிறது. உறவுக்காரர்கள் எல்லோரும் அப்பாவிடம் சொன்னதும் அதையே. எதிர்த்திசையில் ஒரு உறுதியான ஆதாரம் 1966-இல்தான் வந்தது. கோபன்ஹேகனில் லார்சன், லாசன் என்ற இருவர் 14 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குத் தினமும் நடைப்பயிற்சி, இன்னொரு பாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. ஆறு மாதத்தில் நடந்தவர்கள் நிறைய தூரம் நடந்தார்கள், மாத்திரைக்காரர்கள் அப்படியே இருந்தார்கள். 14 பேர் என்பது சின்ன எண்தான். ஆனால் 1995-இல் 21 ஆய்வுகளைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்தபோதும் அதே விடை. வலியில்லாமல் நடக்கும் தூரம் சராசரியாக 179 சதவீதம் கூடியிருந்தது. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மாத்திரை எதுவும் இந்தப் பக்கம் எட்டிப்பார்க்க முடியாத எண். 2017-இல் அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு 12 வாரத்தில் 36 அமர்வு நடைப்பயிற்சிக்குப் பணம் தர ஒப்புக்கொண்டது.

நான் ஏமாந்தது இங்கேதான். ஹன்ட்டரைப் படித்த சூட்டில், நடந்தால் சந்துக் குழாய்கள் அகலமாகும், அதனால் ரத்தம் கூடும் என்று அப்பாவுக்கு விளக்கிவிட்டேன். மூன்று மாதம் கழித்து அளந்தால் 0.62 என்பது 0.64. வித்தியாசம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மனுஷனோ இரண்டு மடங்கு தூரம் நடக்கிறார். அப்புறம் படித்தால், பெரும்பாலான ஆய்வுகளில் இதே கதை. ரத்த ஓட்டம் பெரிதாகக் கூடுவதில்லை. வருகிற கொஞ்ச ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனைத் தசை சிக்கனமாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கிறது, நடையும் சீராகிறது. பேண்ட்வித் அதேதான், கோட் திருந்தியிருக்கிறது. சர்வர் வாங்கக் காசில்லாத கம்பெனியில் வேலை பார்த்த யாருக்கும் இது புரியும்.

நடக்கும் முறையிலும் ஒரு விஷயம் உண்டு. வலி வந்த உடனே நிற்கக்கூடாது. வலி கிட்டத்தட்ட தாங்க முடியாத அளவுக்கு வரும்வரை நடந்து, நின்று, முழுதாகப் போனதும் மறுபடி நடக்க வேண்டும். நிற்கும் நேரமும் சேர்த்து ஒரு தடவைக்கு அரை மணிக்கு மேல், வாரம் மூன்று முறையாவது. பாதத்தில் புண் இருந்தாலோ, படுத்திருக்கும்போதே வலித்தாலோ இது பொருந்தாது, அது அவசரமாக டாக்டரிடம் போக வேண்டிய கட்டம். வயிற்றுப் புடைப்பு உள்ளவர் இப்படி நடக்கலாமா என்பதுதான் என் பெரிய பயமாக இருந்தது. சின்ன அனியூரிசம் உள்ளவர்களை வருஷக்கணக்கில் மிதமான பயிற்சி செய்ய வைத்துப் பார்த்த ஆய்வில் புடைப்பு வேகமாக வளரவில்லை. மூச்சைப் பிடித்துப் பெரிய பாரம் தூக்குவதுதான் கூடாது என்றார் டாக்டர். அப்பா கேஸ் சிலிண்டரை நகர்த்துவதை அன்றோடு அம்மா நிறுத்தினார்.

ஐன்ஸ்டைனுக்கும் இதே வயிற்றுப் புடைப்புதான். 1948 டிசம்பரில் ருடால்ஃப் நிசன் வயிற்றைத் திறந்து, வேறு வழி இல்லாத காலம் ஆகையால், புடைப்பின் மேல் செலஃபேன் தாளைச் சுற்றினார். அந்தத் தாள் உறுத்தி உறுத்திச் சுற்றிலும் தழும்பு கட்டிச் சுவரைத் தாங்கும் என்பது கணக்கு. ஆறு வருஷத்துக்கு மேல் தாங்கியது. 1955 ஏப்ரலில் கசிய ஆரம்பித்தபோது, அதை வெட்டியெடுத்து வேறு குழாய் வைக்கும் அறுவை வந்துவிட்டிருந்தது. 1951 மார்ச்சில் பாரிஸில் டுபோஸ்ட் இறந்தவர் ஒருவரின் தமனியை வைத்து அதைச் செய்து காட்டியிருந்தார். ஐன்ஸ்டைன் வேண்டாம் என்றார். ஏப்ரல் 18 அன்று இறந்தார். அப்புறம் டெபேக்கி மனைவியின் தையல் மெஷினில் டெக்ரான் துணியைக் குழாயாகத் தைத்தது, 1990-இல் பியூனஸ் அயர்ஸில் பரோடி தொடை வழியாகவே குழாயைச் செலுத்தியது எல்லாம் தனிக் கட்டுரைக்கான சமாச்சாரம்.

இதையெல்லாம் நான் எழுதுவதற்குக் காரணம் அந்த ஒரு கேள்விதான். நின்றால் போகிறதா, உட்கார்ந்தால்தான் போகிறதா? முதுகுத்தண்டுக் குழல் சுருங்கி நரம்பு நசுங்கினாலும் நடக்கும்போது கால் வலிக்கும், அதை 1954-இல் நெதர்லாந்தின் வெர்பீஸ்ட் தெளிவாக எழுதிவிட்டார். அவர்களுக்குச் சும்மா நின்றால் போகாது, உட்கார வேண்டும் அல்லது முன்னால் குனிய வேண்டும். தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்தபடி நடந்தால் வலியில்லாமல் நெடுந்தூரம் போவார்கள், சைக்கிளும் மிதிப்பார்கள். ரத்தக்குழாய்க்காரர்களுக்கு நின்றாலே போதும், மேடு ஏறினால் சீக்கிரம் வலிக்கும். இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு, எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிவதால் ரத்தக்குழாய் நல்லாயிருக்கிறது என்று ஆகிவிடாது. முதல் இடத்தில் இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரு விடை கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிட்டார்கள், நானும் ஒவ்வொரு பக்‌ஃபிக்ஸிலும் செய்கிற தப்பு. ஆனால் கால் வலி என்று வருகிறவரின் பாதத்தில் இரண்டு விரல் வைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. நோயாளியோடு அரை மணி நேரம் உட்காருகிறவர்கள் இன்று பிசியோதெரபிஸ்டுகள் மட்டும்தான், டாக்டருக்கு நேரம் இல்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கல். கணுக்கால் தமனி சுண்ணாம்பாகிக் கெட்டியாகிவிட்டால் கருவி அதை நசுக்க முடியாமல் அந்த வகுத்தல் எண் 1.4-க்கும் மேலே பொய்யாகக் காட்டும். அவர்களுக்குக் கால் விரலில் அளக்க வேண்டும்.

அந்தப் பெண்ணைப் பார்த்து நன்றி சொல்லலாம் என்று பொங்கலுக்குப் போயிருந்தபோது விசாரித்தேன். வேறு ஊருக்கு மாறிவிட்டாராம்.

அப்பா சிகரெட்டை விட்டு பதினொரு மாதம் ஆகிறது. டீக்கடையில் ஆரம்பித்து மாரியம்மன் கோயில், ரேஷன் கடை, ரயில்வே கேட் என்று நிற்கும் இடங்களைப் பழைய பஸ் ரூட் மாதிரி ஒரு டைரியில் நேரத்தோடு எழுதி வைக்கிறார். ஆரம்பத்தில் ஐந்து ஸ்டாப், இப்போது இரண்டு. போன ஸ்கேனில் 3.8. அடுத்தது ஆவணியில்.